நூறு விநாடிக் கணக்கு

சென்ற ஆண்டு, நான் ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது, கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். பழைய கெபாசிட்டர் பேனலைக் கழற்றிவிட்டுத் தானே இயங்கும் புதுப் பேனல் வைத்த சமயம். வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் திரையில் ஒரு பக்கம் காட்டினார். இதே தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி காத்திருக்காமல், உள்ளே தங்கிய மின்சாரத்தை டிஸ்சார்ஜ் செய்யாமல் கெபாசிட்டரில் கை வைத்து இறந்தார். காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. பெயர் போடவில்லை.

அந்தத் தொழிலாளி சேவியர். என் கூட்டாளி. அவன் காத்திருந்தான். டிஸ்சார்ஜ் செய்யணுமா என்றும் கேட்டான். வேண்டாம் என்று சொன்னவன் நான். கவனக்குறைவு என்று எழுதிய அறிக்கையில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் நான்.

தொழிற்சங்க மலருக்கு அனுபவம் எழுதக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் எழுதுவதற்கு வேறு அனுபவம் இல்லை.

எட்டாம் வகுப்பு படித்தேன். கோட்டாற்றில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் ஆறு வருடம் இருந்தேன். வயர்மேன் பரீட்சை இரண்டாவது தடவையில் பாஸ். பிறகு குளச்சல் பக்கம் இந்த ஐஸ் பிளாண்டில் முப்பத்தொரு வருடம். படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான்.

ஐஸ் பிளாண்டில் எல்லாம் மோட்டார்தான். அம்மோனியாவை அமுக்கும் கம்ப்ரசர் மோட்டார், உப்புத் தண்ணீரைக் கலக்கும் மோட்டார், பம்பு மோட்டார். மோட்டார் இரண்டு வகைக் கரண்டு இழுக்கும். ஒன்று வேலை செய்யும். இன்னொன்று வேலை செய்யாது, காந்தத்துக்காகப் போய்ப் போய் வரும். அந்த இரண்டாவதைச் சமாளிக்கத்தான் கெபாசிட்டர். இதெல்லாம் நான் போனபோது எனக்குத் தெரியாது. பேனல் பெட்டி சூடானால் ஃபேன் வைப்போம். அவ்வளவுதான்.

சொல்லித் தந்தவர் ஸ்ரீதரன் சார். எங்கள் என்ஜினியர். மார்த்தாண்டத்துக்காரர். சத்தம் போட மாட்டார். பேனல் முன்னால் நிற்கும்போது இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார். வேலை முடிகிறவரை வெளியே எடுக்க மாட்டார். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்டின் வழியில் நெஞ்சு நடுவில் வரும் என்பார். யாராவது அவசரமாக ஸ்பேனரை எடுத்தால் தடுக்க மாட்டார். கேள்வி கேட்பார். "சுவிச்ச தொடுகதுக்கு முன்ன உள்ள என்ன இருந்து?" பதில் தெரிகிறவரை ஸ்பேனர் கீழே இருக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் கரண்டு அளக்கும் டாங் டெஸ்டரை வயரில் மாட்டினேன். நூறு ஆம்பியர் காட்டியது. சார் அவருடைய மீட்டரைப் பார்த்துவிட்டு, "இதுல வேலை செய்யுகது எண்பது. போய் வாறது அறுபது" என்றார்.

"எண்பதும் அறுபதும் நூத்தி நாப்பதுல்லா சார்."

சேவியர் பக்கத்தில் இருந்தான். கம்ப்ரசர் ஓட்டுகிறவன். மின்வேலை வந்தால் என்னோடு நிற்பான். "சாருக்குக் கணக்குத் தெரியாது, மக்கா" என்றான் என் காதில். சாருக்குக் கேட்டுவிட்டது. சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சாக்பீஸ் எடுத்துத் தரையில் ஒரு கூட்டல் குறி போட்டார். நடுவில் என்னை நிறுத்தினார்.

"கிழக்க பாத்து நில்லும். இது வேலை செய்யுத கரண்டு. இனி இடது பக்கமா கால் திருப்பம் திரும்பும்."

திரும்பினேன். வடக்கு.

"இதுக்குப் பேரு ஜே. இன்னொரு ஜே போடும்."

திரும்பினேன். மேற்கு.

"ரெண்டு ஜே போட்டா எங்க பாத்து நிக்கீரு?"

"நேர் எதிர சார்."

"அதுதான் மைனஸ் ஒண்ணு. புஸ்தகத்துல இதுக்குக் கற்பனை எண்ணுன்னு பேரு. பேரப் பாத்துப் பேடிக்காண்டாம். இந்தக் கரண்டு கற்பனை இல்ல, வயரச் சூடாக்கும். மோட்டார் வலது பக்கம் திருப்பும், தெக்க. கெபாசிட்டர் இடது பக்கம், வடக்க. ரெண்டும் எதிரெதிர இழுத்து ஒண்ண ஒண்ணு தின்னும். மனசிலாச்சா?"

எனக்கு ஆகவில்லை. சேவியருக்கு ஆகிவிட்டது.

"சார், வள்ளம் கிழக்க போவுது. கடல்ல நீவாடு, தண்ணி ஓட்டம், தெக்க இழுக்குது. அப்ப வள்ளம் போய்ச் சேருதது ரெண்டுக்கும் இடையில சரிஞ்ச கோட்டுலல்லா. அத கூட்டிப் பாக்க முடியாது, அளந்துதான் பாக்கணும்."

சார் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். "நீரு எத்தனாம் கிளாசு?"

"அஞ்சு சார். வாத்தியாரு அடிக்கு பயந்து பாதி நாளு வள்ளத்துல."

"நல்லதாப் போச்சு" என்றார் சார்.

கிழக்கே எண்பது, தெற்கே அறுபது. சரிந்த கோடு நூறு. கெபாசிட்டர் வடக்கே நாற்பத்தைந்து இழுத்தால் தெற்கே மிச்சம் பதினைந்து. இப்போது சரிந்த கோடு எண்பத்தொன்று சொச்சம். சார் கெபாசிட்டரைப் போடச் சொன்னார். போட்டேன். டாங் டெஸ்டர் எண்பத்திரண்டு காட்டியது. அன்று நான் சாப்பிடப் போகவில்லை. ஐஸ் சீட்டுகளின் பின்பக்கத்தில் எல்லா மோட்டாருக்கும் கோடு போட்டுப் பார்த்தேன்.

எட்டாம் வகுப்புக்காரனுக்கு அது ஒரு போதை. அதை அன்றே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சார் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். இந்தத் திசைக் கணக்கு, எல்லாம் ஓடி நிலைத்த பிறகுதான். சுவிட்சு போடுகிற நொடியிலும் எடுக்கிற நொடியிலும் இது பதில் சொல்லாது. அங்கே வேறு கணக்கு. கம்பி சுற்றிய காயிலில் ஓடிய கரண்டு உடனே நிற்காது. கெபாசிட்டரில் ஏறிய வோல்ட்டேஜ் உடனே இறங்காது. முதலில் என்ன இருந்தது என்று தெரியாமல் அடுத்தது என்ன என்று சொல்ல முடியாது.

காயில் கதையை நான் கையாலேயே படித்தேன். இருபத்துநாலு வோல்ட் காயில். இருபத்துநாலு என்ன செய்யும் என்று ஓடுகிறபோதே ஒரு வயரை உருவினேன். ஒரு விரல் வயரில், ஒரு விரல் முனையில். கை தூக்கி அடித்து முழங்கை பேனல் கதவில் இடித்தது. சேவியர் ஒரு வாரம் என்னை 'இருபத்துநாலு' என்று கூப்பிட்டான். சார் மட்டும், "இப்ப தெரிஞ்சா? ஓடிட்டிருந்தத நிறுத்தினா அது சும்மா நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கெபாசிட்டருக்கு அவர் வைத்த முறை இது. தகரத்தில் பெயின்டால் எழுதிப் பேனல் கதவில் அடித்து வைத்தார். சுவிட்சை எடு. ஃபியூசை உருவு. பூட்டுப் போடு, சாவி உன் பாக்கெட்டில். ஐந்து நிமிடம் நில். மீட்டர் வைத்துப் பார். பிறகு டிஸ்சார்ஜ் ராடு. நாங்கள் கம்பு என்போம். நீளக் கைப்பிடி, நுனியில் மின்சாரத்தை மெல்ல விடும் ஒரு ரெசிஸ்டர், அதிலிருந்து ஒரு வயர். மூன்று முனையிலும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கடைசியில் மூன்று முனையையும் ஒரு வயரால் சேர்த்துக் கட்டு. வேலை முடிகிறவரை அது கட்டியே இருக்கட்டும்.

சார் ஓய்வு பெற்றுப் போகும்போது அவருடைய பழைய புத்தகம் ஒன்றை எனக்குத் தந்தார். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும். ஆனால் படமும் எண்ணும் வாசிக்கலாம். இரண்டு வருடம் அதோடு உட்கார்ந்தேன். கெபாசிட்டர் எப்படி வடிகிறது என்ற பக்கம் பிடிபட்டது.

ஒவ்வொரு கெபாசிட்டரின் தலையிலும் ஒரு சிறிய ரெசிஸ்டர் இருக்கும். சுவிட்சு எடுத்ததும் மிச்ச மின்சாரத்தை அது மெல்ல வடிக்கும். எங்கள் கெபாசிட்டருக்கும் ரெசிஸ்டருக்கும் கணக்குப் போட்டேன். இருபத்தைந்து விநாடிக்கு ஒரு தடவை, இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல்தான் மிஞ்சும். சுவிட்சை எடுத்த நொடியில் மின்சாரத்தின் அலை எங்கே நிற்கும் என்று தெரியாது. அதனால் உச்சியில் நின்றதாக வைத்துக்கொள்ள வேண்டும். உச்சி ஐந்நூற்று எண்பத்தேழு வோல்ட். இருபத்தைந்து விநாடியில் இருநூற்றுப் பதினாறு. அடுத்து எழுபத்தொன்பது. அடுத்து இருபத்தொன்பது. நூறாவது விநாடியில் பதினொன்று.

மீட்டர் வைத்தேன். உச்சியில் நிற்கவில்லை போல. ஒன்பது காட்டியது. அடுத்த தடவை பத்து. அடுத்த மாதம் பதினொன்றே காட்டியது. சேவியரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மக்கா, நீ என்ஜினியருக்குப் படிச்சிருக்கணும்" என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

ஐந்து நிமிடம் நூறு விநாடியாக ஆனது இப்படித்தான். ஒரு வருடம் மீட்டர் வைத்துச் சரிபார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கணக்குச் சொன்னதுதான் வந்தது. பிறகு மீட்டர் வைப்பதை விட்டேன். பதினோரு வோல்ட்டுக்குக் கம்பு எதற்கு என்று அதையும் விட்டேன். கம்பு ஆபீஸ் சுவரில் தொங்கியது. தகரத்தில் எழுதியது அப்படியே இருந்தது. அதை யாரும் அழிக்கவில்லை. யாரும் வாசிக்கவும் இல்லை.

அது ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணி. வள்ளங்கள் நிறைய மீனோடு வந்த நாள். ஐஸ் ஏற்ற வண்டிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. மூன்றாவது கெபாசிட்டரில் கருகல் வாடை. முனையில் ஒரு போல்ட் தளர்ந்து சூடேறியிருந்தது. முறுக்கினால் போதும். பத்து நிமிட வேலை.

சுவிட்சை எடுத்தேன். ஃபியூசை உருவினேன். சேவியர் பூட்டுப் போட்டுச் சாவியைப் பாக்கெட்டில் போட்டான். நான் வாட்சைப் பார்த்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நூறு விநாடி ஆனது. சைஸ் சரியான ஸ்பேனரைத் தேடியதில் இன்னும் கொஞ்சம் ஆனது.

"மக்கா, கம்பு எடுத்துட்டு வரட்டா?"

"வேண்டாம்ல. பதினோரு வோல்ட்டுக்கு மேல இருக்காது."

"போனவாட்டி மாதிரியா?"

"எல்லா வாட்டியும் அதே கணக்குதான்."

"உன் கணக்குதான் நமக்கு வேதம்" என்று சொல்லிவிட்டு, இடது கையால் ஒரு முனைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கை ஸ்பேனரை அடுத்த முனையில் வைத்தான்.

ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. நமத்த பட்டாசு வெடித்தது போல. அவன் பின்னால் தூக்கி எறியப்படவில்லை. உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். நான் நெஞ்சை அமுக்கினேன். தெரிந்தவரை அமுக்கினேன். ஐஸ் ஏற்ற நின்ற வண்டி ஒன்றில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டார். வாட்சைப் பார்த்தேன். எனக்கு மணி வாசிக்க வரவில்லை.

சாயங்காலம் பேனல் அறைக்குத் தனியாகப் போனேன். மூன்றாவது கெபாசிட்டரில் மீட்டர் வைத்தேன். ஒன்றும் இல்லை. இருந்தது எல்லாம் சேவியர் வழியாக இறங்கிவிட்டது. பிறகு ரெசிஸ்டரைப் பார்த்தேன். முனை சூடேறியதில் அதன் ஒரு காலில் பற்றவைத்த ஈயம் விட்டிருந்தது. கண்ணுக்கு ஒட்டி இருப்பதுபோலத்தான் தெரிந்தது. மீட்டருக்குத் தொடர்பு இல்லை. வடிப்பதற்கு ரெசிஸ்டரே இல்லாத கெபாசிட்டருக்கு நான் வடிகிற கணக்குப் போட்டிருக்கிறேன். நூறு விநாடி அல்ல, மத்தியானம் வரை நின்றிருந்தாலும் அவனைக் கொல்லும் அளவுக்கு அதில் இருந்திருக்கும்.

கம்பு வைத்திருந்தால் கம்பில் பொறி தெறித்திருக்கும். மீட்டர் வைத்திருந்தால் முள் ஓடியிருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். மானேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் டைப் செய்த தாள் இருந்தது. இறந்தவர், காத்திருக்கும்படி சொல்லியும் கேட்காமல், தன்னிச்சையாகக் கை வைத்தார்.

"இது அப்பிடி இல்ல சார்" என்றேன்.

"எப்பிடி?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"செல்லப்பன், போன ஆளு போயாச்சு. நீரு சொல்லுத மாதிரி எழுதினா உம்ம லைசென்சு போவும். கேசு வரும். உள்ள கூட போகலாம். அவருக்கு அதுல என்ன வரப்போவுது?"

என் பிள்ளைகள் இருவரும் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. அன்று மனதில் ஓடியது இதுதான் என்று சொல்கிறேன். தாளை முழுவதும் வாசித்தேன். தெரியாமல் போட்ட கையெழுத்து இல்லை.

ஒரு மாதம் கழித்து மார்த்தாண்டத்துக்குப் போனேன். ஸ்ரீதரன் சார் வீட்டில் கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் சொன்னேன். கணக்குப் போட்ட சீட்டைக் கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வரி வரியாக வாசித்தார். வெகு நேரம் வாசித்தார். ஏதாவது ஒரு பெருக்கல் தப்பு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொன்னால் நன்றாக இருந்திருக்கும்.

"கணக்கு செரி" என்றார். "ஒரு பிழையும் இல்ல."

பிறகு, "ரெசிஸ்டர் இருக்கான்னு பாத்தீரா?"

"பாக்கல சார்."

சீட்டை மடித்து என்னிடம் கொடுத்தார். அவர் ஏச வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். ஏசவில்லை. பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து வந்தார். பஸ் வந்ததும், "ஏறும்" என்றார். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. அவர் இறந்தபோதும் போகவில்லை.

நானும் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன். புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். பன்னிரண்டு வருடம் தகரத்தில் எழுதியபடி ஒவ்வொரு வரியாக வேலை செய்தேன். புது ஆட்கள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். இருக்கட்டும். சேவியரின் மனைவி செலினைக் கோயில் வாசலிலோ சந்தையிலோ பார்த்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவேன்.

பிறகுதான் அந்த வகுப்பு. திரையில் அந்த வரியைப் பார்த்தபோது எழுந்து நிற்க நினைத்தேன். எழவில்லை. முன் வரிசையில் ஒருவன், "அவசரக்குடுக்கை" என்று சொல்லிச் சிரித்தான்.

ஓய்வு பெற்ற மறு வாரம், நடந்ததை ஒரு தாளில் எழுதி ஆபீசுக்குக் கொண்டுபோனேன். மானேஜர் மாறிவிட்டார். இருந்தவர் இளம் வயது, மரியாதையானவர். உட்காரச் சொன்னார்.

"ஐயா, அந்த ஃபைலே இப்ப இல்ல. பத்து வருஷத்துக்கு மேல வைக்கிறதில்ல. எதைத் திருத்த?"

"வகுப்புல காட்டுதத மாத்தலாம்லா."

"அது தலைமை ஆபீஸ்ல இருந்து வருது. எல்லா பிளாண்ட்லயும் அதான் காட்டுவாங்க. நாங்க தொட முடியாது."

தாளை வாங்கி வைத்துக்கொண்டார். எங்கே வைத்தார் என்று நான் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேரே செலின் வீட்டுக்கு நடந்தேன். மகள் வெளிநாட்டில் நர்ஸ். வீட்டைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். செலின் கதவைத் திறந்து, "யாரு, செல்லப்பன் அண்ணனா? இந்தப் பக்கமே காணாது" என்றார். டீ போடத் திரும்பினார். வேண்டாம், முதலில் கேளு என்று சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல வராது.

முடிந்ததும் செலின் ஒரு கேள்வி கேட்டார்.

"கம்பு எடுத்துட்டு வரட்டான்னு அவிய கேட்டாவளா?"

"கேட்டான்."

"வாயத் தொறந்து கேட்டாவளா?"

"கேட்டான். நான்தான் வேண்டாம்னேன்."

செலின் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை.

"பன்னெண்டு வருசம் அண்ணே. ஒவ்வொரு கல்லறத் திருநாளுக்கும் மெழுவுதிரி கொளுத்தி வச்சிட்டு அங்கயே நின்னு அவியள ஏசுவேன். ரெண்டு நிமிசம் பொறுக்க மாட்டாம எங்கள இப்பிடி விட்டுட்டுப் போனீரே மனுசான்னு ஏசுவேன். பிள்ளை ஏதாவது பறந்தாலும், உங்க அப்பன மாதிரி அவசரப்படாதட்டின்னுதான் சொல்லி வளத்தேன். அவ இப்பவும் ஆஸ்பத்திரில எதையும் ரெண்டு தடவ பாத்துட்டுதான் தொடுவாளாம். எங்கப்பா மாதிரி ஆயிரக்கூடாதும்பாளாம்."

தப்பு என்னுடையது, அவனை ஏசாதே என்றேன்.

"இனி யார ஏச?"

"என்ன ஏசு."

செலின் என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

"உங்கள ஏச நீங்க எனக்கு யாரு அண்ணே?" என்றார். "அவிய என் ஆளுல்லா."

நான் வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டேன். உள்ளே அவர் மகளுக்குப் போன் போடுகிற சத்தம் கேட்டது. அங்கே அப்போது வேலை நேரம் போல. மணி அடித்துக்கொண்டே இருந்தது.